தேடியவுடன் கிடைக்க வேண்டும்: குறிச்சொற்களின் பயன்



கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று எந்த மளிகைக்காரரும் தேடுவதில்லை. கை தானாகவே அங்கே போகும். ஆனால் சென்ற ஆண்டு வந்த வரிச் சுற்றறிக்கை எங்கே என்று கேட்டால் கடையையே புரட்டிப் போடுகிறோம். இப்போது விலை நிலவரம், அரசு உத்தரவு, உறுப்பினர் சந்தேகம் எல்லாமே வாட்ஸ்அப் குழுவில் வருகின்றன. காலை வணக்கங்களுக்கு நடுவே முக்கியச் செய்தி புதைந்துவிடுகிறது. இதற்கு எளிய வழி குறிச்சொல்.

குறிச்சொல் என்பது செய்தியின் மேல் ஒட்டும் சீட்டு. காகிதத்தை ஒரு கோப்பில்தான் வைக்க முடியும். சீட்டுகள் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 1-1-2019 முதல் தமிழக அரசு விதித்த தடையை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றறிக்கையை 'அரசு உத்தரவு' கோப்பில் வைப்பதா, 'பை' கோப்பில் வைப்பதா, 'அபராதம்' கோப்பில் வைப்பதா? மூன்றையும் குறிச்சொல்லாக எழுதிவிட்டால் எதைச் சொல்லித் தேடினாலும் அகப்படும்.

இந்த யோசனையை உலகுக்கு விரிவாக வகுத்துத் தந்தவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஒரு நூலுக்குப் பல முகங்கள் உண்டு என்பது அவர் கருத்து. 1933-ல் வெளியிட்ட கோலன் வகைப்பாட்டில் பொருள், செயல், இடம், காலம் போன்ற கூறுகளைத் தனித்தனியே குறித்து இணைக்கும் முறையைத் தந்தார். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது அவருடைய ஐந்து விதிகளில் ஒன்று. நமக்கு வாடிக்கையாளரின் நேரம் எப்படியோ, அப்படியே இதுவும். ட்விட்டரில் சொல்லுக்கு முன்னால் # குறி இடும் வழக்கம் 2007-ல் தொடங்கியது. கருவி புதிது, கருத்து பழையது.

நாம் செய்ய வேண்டியவை:

1. ஒவ்வொரு முக்கியச் செய்தியின் அடியிலும் பொருள், செயல், இடம், ஆண்டு என நான்கு சொற்கள் போதும். உதாரணம்: #பருப்பு #விலை #காஞ்சிபுரம் #2024.

2. எல்லோரும் ஒரே சொல்லை எழுத வேண்டும். வேர்க்கடலை, நிலக்கடலை, மணிலா, மல்லாட்டை எல்லாம் ஒரே சரக்குதான். தேடும் கருவிக்கு நான்கும் வேறு. பட்டுக்கடைக்காரர்கள் ஜரிகை என்றும் சரிகை என்றும் எழுதுவதும் இதே கதை. மாறாக, 'மஞ்சள்' என்றால் மளிகையில் சரக்கு, சேலையில் நிறம். எனவே 'விரலி மஞ்சள்' என்று தெளிவாக எழுதுக.

3. இருபது, முப்பது சொற்கள் கொண்ட பட்டியல் தயாரித்துக் கல்லாவுக்கு அருகே ஒட்டுங்கள். சொற்கள் பெருகினால் யாருக்கும் நினைவிருக்காது.

4. சுற்றறிக்கையைப் புகைப்படமாக அனுப்பும்போது கீழே குறிச்சொல்லைத் தட்டச்சு செய்யுங்கள். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் பிடிக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டுக்குரிய ஆண்டறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும். கைப்பேசி தொலைந்தால் குழுச் செய்தியும் போய்விடக்கூடும். ஆகவே பில், நோட்டீஸ் ஆகியவற்றைத் தனியாகவும் சேமித்து, அங்கும் அதே குறிச்சொற்களை எழுதுங்கள். நோட்டீசுக்குக் கெடு தேதிக்குள் பதில் தர, பழைய பில் உடனே கைக்கு வரவேண்டுமல்லவா?

நம் ஊருக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. 1979-க்குப் பிறகு 2019 ஜூலை, ஆகஸ்டில் 48 நாட்கள் அத்திவரதர் தரிசனம் நடந்தது. எந்தத் தெரு அடைபட்டது, சரக்கு வண்டி எந்த வழியாக, எந்த நேரத்தில் வந்தது, எந்தப் பொருள் முதலில் தீர்ந்தது என்ற விவரங்கள் 2059-ல் நம் பிள்ளைகளுக்கு வேண்டியிருக்கும். நாற்பது ஆண்டு நினைவு மனிதருக்கு நிலைக்காது. இப்போதே நினைவிலுள்ளதை எழுதி, #அத்திவரதர் #போக்குவரத்து #2019 என்று குறித்து வைத்தால் நிலைக்கும்.

டப்பாவில் சீட்டு ஒட்டத் தெரிந்த நமக்கு இது கடினமல்ல. இன்றைய முதல் செய்தியிலிருந்தே தொடங்குவோம்.