காவற்காரன் கலகம்

பகலெல்லாம் கரி மூட்டத்தின் அருகே வெந்து, இரவு வந்து படுக்கிறார் கடலாடிப் பக்கத்துத் தொழிலாளி. நடுச்சாமத்திலே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். நெஞ்சுக்குள்ளே விசில்! மனைவி முதுகைத் தடவுகிறாள். "குளிர்ச்சி உடம்பு" என்கிறார் ஒருவர். "போன பிறவிப் பாவம்" என்கிறார் இன்னொருவர். பஸ்ஸிலே பக்கத்தில் இருப்பவரோ, தொற்றிக்கொள்ளுமாம், தள்ளி உட்காருகிறார்!

பாவமல்ல, தொற்றுமல்ல. தோழர்களே, இது காவற்காரன் செய்கிற கலகம்.

நம் உடலிலே ஒரு காவற்படை இருக்கிறது. கிருமி வந்தால் மடக்கும், குடற்புழு வந்தால் விரட்டும். அந்தப் படை சில பேரிடம் ஆள் தெரியாமல் அடிக்கிறது. ஒன்றும் செய்யாத தூளைக் கொடும்பகை என்று எண்ணிக்கொள்கிறது. இதற்குத்தான் ஒவ்வாமை என்று பெயர். வியன்னா நகரத்து டாக்டர் பிர்க்கே 1906-லேயே எடுத்துக் காட்டிய உண்மை.

முதுகுளத்தூர், கமுதி, சாயல்குடி என்று எங்கே திரும்பினாலும் சீமைக் கருவேலம். அதன் பூந்தூள் காற்றிலே வருகிறது, மூக்கிலே ஏறுகிறது. முதலில் ஒரு தொல்லையுமில்லை. காவற்படை அடையாளம் மட்டும் குறித்துக்கொண்டு, அதற்கென்றே ஓர் ஆயுதம் வடிக்கிறது. இம்யூனோகுளோபுலின் ஈ என்ற அந்த ஆயுதத்தை 1966-இல் கண்டுபிடித்தவர்கள் ஜப்பானியத் தம்பதியர் இஷிசாகா. மூச்சுக்குழாய்ச் சுவரிலுள்ள மாஸ்ட் செல்களின் மேல் ஆயுதம் ஏறி உட்காருகிறது. அடுத்த முறை தூள் பட்டதோ இல்லையோ, செல் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டுகிறது. தசை இறுகுகிறது, சுவர் வீங்குகிறது, கோழை சுரக்கிறது. மூக்கோடு நின்றால் தும்மலும் நீரும். குழாயிலே நடந்தால் இளைப்பு. அதோடு முடிந்ததா? சில மணி நேரம் கழித்து இரண்டாவது படை வந்து சேருகிறது. பகலிலே பட்ட தூளுக்கு இரவிலே திணறுவதும் உண்டு!

எல்லா இளைப்புக்கும் கருவேலமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. பாயிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சி உண்டு. கடற்கரையில் இறால் உரிப்போருக்கு, இறாலின் புரதமே பகையாவதும் உண்டு. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பும் அதிகம். மூட்டப் புகை ஒவ்வாமைப் பொருளல்ல. ஆனால் வீங்கிய குழாயை அது மேலும் வாட்டும், எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றினாற்போல.

மரத்தை வெட்டிவிடலாமே என்பீர்கள். 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அகற்றச் சொன்னது. மரம் இன்னும் நிற்கிறது. மழை பொய்த்த ஊரிலே அந்த மரந்தான் அடுப்பும் கூலியும். மூச்சை அடைப்பதும் அதுவே, சோறு போடுவதும் அதுவே என்றால், தொழிலாளி எதை வெட்டுவான்?

உயிர் மீனை மருந்தோடு விழுங்கினால் இளைப்பு போகுமென்று ஹைதராபாத்துக்கு ரயிலேறுகிற கூட்டமும் இருக்கிறது. மீனுக்கா பஞ்சம் நம் பாம்பனிலே? மருந்து வேறு இருக்கிறது. உறிஞ்சும் குழல்! "அதைத் தொட்டால் விடமுடியாது, அது கடைசிக் கட்டம்" என்று பயமுறுத்துகிறார்கள். பொய். திணறும்போது குழாயை விரிக்கும் குழல் ஒன்று. வீக்கத்தையே தணிக்கும் ஸ்டீராய்டுக் குழல் மற்றொன்று. டாக்டர் சொன்னபடி நாள்தோறும் உறிஞ்சி, வாயைக் கொப்பளிக்க வேண்டும். முன்னதை மட்டும் நம்பியிருப்பது, திருடனை உள்ளே விட்டுவிட்டுக் கூச்சல் போடுவது போல. இளைப்பு நின்றதே என்று பின்னதைத் தாமாக நிறுத்துகிறவர்களே மறுபடியும் நடுச்சாமத்தில் எழுந்து உட்காருகிறார்கள்.

இந்த இரண்டு குழலும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலே, என்றைக்குப் போனாலும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்கிறோம். குழலுக்காக ஒரு நாள் கூலியை இழந்து ராமநாதபுரம் வரை பஸ் ஏறு என்று மூட்டத் தொழிலாளியிடம் சொல்வது நியாயமா?