சொற்கள் வந்த வழி

பிராசீன பாடசாலையொன்றிற் பல்லாண்டாகத் தமிழ் கற்பித்து வருபவன் யான். பிறமொழிச் சொல்லைக் கண்டால் என் சிவப்பு மைக்கு இரக்கமே கிடையாது. சில ஆண்டுகளுக்கு முன் ‘எங்கள் வீடு’ என்னும் கட்டுரையில் மாணவன் ஒருவன் அலுமாரி, மேசை, கதிரை, குசினி, பாண் என்று எழுதியிருந்தான். ஐந்தையும் வெட்டிக் கொடுத்தேன். அவன் தாளைப் பார்த்துவிட்டு, “ஐயா, இவற்றை நீக்கினால் எங்கள் வீட்டில் இருக்கவும் இடமில்லை, உண்ணவும் ஒன்றுமில்லையே” என்றான். வகுப்பு நகைத்தது, யானும் நகைத்தேன். ஆயின் அவ்வினா அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை.

அவன் எழுதிய ஐந்தும் போர்த்துக்கேயர் வழி வந்தவை. அவர்கள் 1505இல் இலங்கைக் கரையை அடைந்தனர். 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைக்கொண்டனர். 1658இல் ஒல்லாந்தரிடம் அதனை இழந்தனர். வாளாற் பெற்ற ஆட்சி வாளாற் போயிற்று. கதிரை மட்டும் எழுந்து போகவில்லை.

பண்பாடு பரவும் நெறியைப் புவியியலார் சில வகையாகப் பிரித்துக் காட்டுவர். மக்கள் இடம்பெயரும்போது தம்மோடு கொண்டுசெல்வது ஒன்று. அயலவரைக் கண்டு அயலவர் மேற்கொள்வது மற்றொன்று. அதிகார பீடத்திலிருந்து கீழிறங்குவது வேறொன்று. காணிப் பதிவேட்டைக் குறிக்கும் தோம்பு என்ற போர்த்துக்கேயச் சொல்லும், அலுவலகத்தைக் குறிக்கும் கந்தோர் என்ற ஒல்லாந்தச் சொல்லும் ஆணையோடு இறங்கியவை. பாணும் மேசையுமோ வீட்டுக்கு வீடு பரவியவை. சிங்களவர் வாயிலும் பாண் பாணே. யப்பானியர் அதனைப் ‘பான்’ என்பதும் அதே கப்பல்கள் சென்ற வழியினாலேயே.

இங்கு நுட்பமொன்று உண்டு. தமிழகத்தார் நாற்காலி என்பதை நாம் கதிரை என்கிறோம். நாம் திறப்பு என்பதை அவர்கள் சாவி என்கின்றனர். கதிரையைப் போலச் சாவியும் போர்த்துக்கேயச் சொல்லே. ஒரே மொழியினர், ஒரே அந்நியரிடமிருந்து, ஒரு கரையில் ஒன்றைக் கொண்டனர். மறுகரையில் மற்றொன்றைக் காத்தனர். எனவே, கடன்சொல் எல்லாம் அடிமைத்தனத்தின் தழும்பு என்று யான் கற்பித்தது முழு உண்மையன்று. கொள்வோரின் தேர்வும் அதில் உண்டு.

சமயச் சொற்களும் இதற்குச் சான்று பகரும். சிலுவை சிரிய மொழியிலிருந்தும், நத்தார் போர்த்துக்கேய மொழியிலிருந்தும் சமயத்தோடு உடன்வந்தவை. இசுலாமியரோ நோன்பு, தொழுகை என்னும் தமிழ்ச் சொற்களிலேயே தம் கடமைகளைக் கூறுகின்றனர். பள்ளி என்ற சொல்லை நோக்குங்கள். ஒருகாற் சமண பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்த அது, பின்னர்ப் பிள்ளைகள் கற்கும் இடத்தையும், இசுலாமியர் தொழும் இடத்தையும் குறிக்கலாயிற்று. சொல் ஒன்று, அதன் நிழலில் ஒதுங்கிய சமயங்கள் பல.

நாம் வாங்கினவர் மட்டுமல்லேம், வழங்கினவருமாவோம். கப்பலும் பெட்டியும் கடையும் மலாய் மொழியிற் குடியேறியுள்ளன. அங்குள்ள ஆசிரியர் ஒருவர் அவற்றைச் சிவப்பு மையால் வெட்டினால் நம் மனம் நோகாதோ?

இவ்வளவும் எண்ணியபின் என் கொள்கையை யான் முற்றாகக் கைவிட்டேனல்லேன். திறப்பு உயிரோடிருக்கும்போது சாவி எதற்கு என்று இன்றும் கேட்பேன். நல்ல தமிழ்ச்சொல்லை மறப்பது வேறு; ஊரெல்லாம் வழங்கும் சொல்லைப் பிள்ளையின் குற்றமாக்குவது வேறு. இவ்வேறுபாட்டை எனக்குணர்த்தியவன் அம் மாணவனே.

மறுநாள் அவனது தாளைத் திரும்ப வாங்கி, வெட்டிய புள்ளிகளை மீண்டும் இட்டேன். அன்று முதல் அந்தப் பாடம் வரும்போதெல்லாம் சுவரில் உலகப் படத்தைத் தொங்கவிடுகிறேன். தம் வீட்டுப் பொருள்களின் பெயர்கள் எத்துறைமுகம் கடந்து வந்தன என்பதை மாணவரே அதில் விரல் வைத்துக் காட்டுகின்றனர்.