நூலும் இறப்பரும் இணையும் வகை

இரணைமடுக் குளத்து நீர் பாயும் கிளிநொச்சி வயல்களிலும், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகியவற்றின் கீழமைந்த முல்லைத்தீவு நிலங்களிலும் எருது பூட்டிய ஏரின் இடத்தை இன்று உழவு இயந்திரம் பெற்றுள்ளது. அதன் பெரிய ரயரை நோக்குவோர் கரிய இறப்பரை மட்டுமே காண்பர். ஆயின், உள்ளே அடைத்த காற்றின் அமுக்கத்தை எதிர்த்து நின்று ரயரின் உருவைக் காப்பது, இறப்பரினுள் மறைந்து கிடக்கும் நூலேயாகும். நூலும் இறப்பரும் பிரியுமாயின், பிரிந்த இடம் உராய்ந்து சூடேறும். பிளவு மேலும் பரவும். ஈற்றில் ரயர் வெடிக்கும். காலபோக உழவு நாளில் இவ்வாறு நேரின் உழவன் இழப்பது ரயரை மட்டுமன்று, பருவத்தையுமாம்.

முற்காலத்திற் பயன்பட்ட பருத்தி நூலில் இவ்விடர் பெரிதாகத் தோன்றவில்லை. பருத்தி குறுகிய இழைகளாலானது. நூலின் மேற்பரப்பில் நீட்டிநிற்கும் இழைநுனிகளை இறப்பர் பற்றிக்கொள்ளும். 1935-இல் கரோதர்சு ஆக்கிய நைலோனும், 1941-இல் வின்பீல்ட், டிக்சன் என்போர் கண்ட பொலியெசுத்தரும் வலிமையிற் பருத்தியை விஞ்சியன. எனினும் அவை முடிவின்றி நீளும் வழுவழுப்பான இழைகள். அன்றியும், இறப்பர் முனைவற்ற ஐதரோகாபன். நைலோனோ முனைவுள்ள பொருள். எண்ணெயும் நீரும் போல இவை ஒன்றையொன்று நாடுவதில்லை.

இவ்விரண்டையும் இணைக்க இருபுறமும் உறவுடைய ஓர் இடைப்படை வேண்டும். அமெரிக்காவின் டூபொன்ற் நிறுவனத்தைச் சேர்ந்த சார்ச், மேனி ஆகியோர் இதற்கு 1938-இற் காப்புரிமை பெற்றனர். இரெசோசினோலும் போமல்டிகைட்டும் சேர்ந்து உண்டாகும் பிசினை இறப்பர்ப் பாலுடன் கலந்து, அதில் நூலைத் தோய்ப்பதே அம்முறை. பிசின் நூலுடன் பிணைகின்றது. பாலிலுள்ள இறப்பர், கந்தகத்தின் துணையால் ரயரின் இறப்பருடன் ஒன்றாகின்றது. நைலோனுக்கு வைனைல்பிரிடீன் கலந்த செயற்கைப் பால் மேலும் சிறந்தது. தோய்த்த நூலை இழுத்துப் பிடித்தபடியே உலர்த்தி, ஏறத்தாழ 200 பாகை சதமவெப்பத்திற்கு மேல் சிறிது நேரம் சூடாக்குவர். சென்னையை அடுத்த மணலியில் நைலோன் ரயர் நூற்றுணி ஆக்கும் ஆலை 1974-இல் உற்பத்தியைத் தொடங்கிற்று.

பொலியெசுத்தர் எளிதில் இணங்குவதன்று. அதன் மேற்பரப்பிற் பிசினுடன் பிணையத்தக்க கூறுகள் மிகக் குறைவு. ஆகவே முதலில் எப்பொட்சி அல்லது ஐசோசயனேற்றுச் சேர்வையிலும், பின்னர் முற்கூறிய கலவையிலுமாக இருமுறை தோய்ப்பர்.

தோய்த்த பின்னரும் கவனம் வேண்டும். வெயில், ஓசோன், ஈரம் என்பன மேற்படையைக் கெடுக்கும். எனவே துணியை ஒளிபுகா உறையிற் பொதிந்து வைப்பர். பிணைப்பின் வலிமையை அறிய, இறப்பர்க் கட்டியிற் புதைத்த நூலை இழுத்து, அது வெளிவர வேண்டிய விசையை அளப்பர்.

இம்முறைக்கும் குறையுண்டு. போமல்டிகைட்டு புற்றுநோய் விளைப்பதெனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2004-இல் வகைப்படுத்திற்று. தொழிலாளர் நலன் கருதி, அதனை நீக்கிய புதிய கலவைகள் ஆக்கப்பட்டுள்ளன.

1952-இல் இலங்கை தன் இறப்பரைச் சீனத்திற்கு அளித்து அரிசியைப் பெற ஒப்பந்தம் செய்தது. அன்று இறப்பர் அரிசியாக மாறிற்று. இன்று அதே இறப்பர் வன்னி வயலில் நெல் விளையத் துணைநிற்கின்றது. அத்துணை நிலைப்பது, கண்ணுக்குப் புலனாகாத மெல்லிய அவ்விடைப்படையின் உறுதியைப் பொறுத்ததேயாம்.