தொலைக்கணினி இணைப்பு: தடை எந்த வாயிலில்?

ஆசிரியர் பள்ளியில் இருக்கிறார். அவருக்கு வேண்டிய பாடக் குறிப்புகளோ வீட்டுக் கணினியில் உள்ளன. ஒரு கணினியை மற்றொன்றிலிருந்து இயக்கும் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ வசதி அப்போது கைகொடுக்கும். இணைப்புக் கிட்டாதபோது தடுப்புகள் அனைத்தையும் ஒருசேர நீக்கிவிடுவோர் உண்டு. கதவு திறக்கவில்லை என்று சுவரை இடிப்பதற்கு அது ஒப்பாகும். தடை எந்த வாயிலில் உள்ளது என்பதை உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாகச் சோதிப்பதே முறை.

முதல் வாயில் வீட்டுக் கணினி. விண்டோஸின் ‘ஹோம்’ பதிப்பு இவ்வழைப்பை ஏற்பதில்லை. ‘ப்ரோ’ பதிப்பு ஏற்கும். கணினி உறக்க நிலையில் இருந்தாலும் பதில் வராது.

இரண்டாம் வாயில் அக்கணினியின் ஃபயர்வால், அதாவது தீயரண். ரிமோட் டெஸ்க்டாப் வழக்கமாகப் பயன்படுத்தும் 3389 என்னும் போர்ட்டை அது அனுமதிக்க வேண்டும். வீட்டிலுள்ள வேறொரு கணினியிலிருந்து இணைத்துப் பாருங்கள். இணைந்தால் இவ்விரு வாயில்களிலும் குறையில்லை.

மூன்றாம் வாயில் ரவுட்டர். 192.168 எனத் தொடங்கும் முகவரி வீட்டுக்குள் மட்டுமே செல்லும். வெளியுலகம் அறிவது ரவுட்டரின் பொது முகவரியையே. அடுக்குமாடியின் புளோக் எண்ணை மட்டும் எழுதி, வீட்டு எண்ணை எழுதாத கடிதம் போல, வெளியிலிருந்து வரும் அழைப்பு எந்தக் கணினிக்கு உரியது என்று ரவுட்டருக்குத் தெரியாது. ஆகவே அதைக் கைவிடுகிறது. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையான எண்களில் தொடங்கினால், இணையச் சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது என்பது பொருள். அந்நிலையில் ரவுட்டரின் அமைப்பை மாற்றுவதால் மட்டும் பயனில்லை.

நான்காம் வாயில் பள்ளியின் தீயரண். கைபேசி இணையத்தின் வழி கிட்டும் இணைப்பு பள்ளியில் கிட்டாவிடில், தடை பெரும்பாலும் அங்கேதான். அதை மீற முயலாமல் பொறுப்பாளரை அணுகுவதே தகும்.

3389 போர்ட்டை ரவுட்டரில் உலகுக்கே திறந்துவிடுதல் எளிது, ஆனால் ஆபத்தானது. 2019 மே மாதத்தில் வெளிப்பட்ட ‘புளூகீப்’ என்னும் குறைபாடு, கடவுச்சொல் இன்றியே பழைய விண்டோஸ் கணினிகளுக்குள் நுழைய வழிவிட்டது. 2014இலேயே ஆதரவு நிறுத்தப்பட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அன்று திருத்தம் வெளியிட நேர்ந்தது. ஆதலால் முதலில் விபிஎன் வழியாக வீட்டு வலையமைப்புக்குள் நுழைந்து, அதன்பின் கணினியை அணுகுவதே பாதுகாப்பு. பொது முகவரி பகிரப்படும் இடங்களில், வீட்டுக் கணினி தானே வெளியே தொடர்புகொண்டு காத்திருக்கும் ‘குரோம் ரிமோட் டெஸ்க்டாப்’ போன்ற சேவைகள் உதவும்.

மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்தால், குறை தன் இருப்பிடத்தைத் தானே காட்டிவிடும்.