கயிறு திரித்த இளைஞரும் ஸ்பர்ஜனும்

"பிரசங்கியாகணும்"னு ஒரு தம்பி வந்து நின்னா சபைப் பெரியவங்க என்ன செய்வாங்க? "முதல்ல படிச்சு முடி"ன்னு அனுப்பிடுவாங்க. இல்லேன்னா அடுத்த வாரமே கையில மைக்கைக் கொடுத்துடுவாங்க.

லண்டனில் சார்லஸ் ஸ்பர்ஜன் வேறு வழி பிடித்தார். அவரே 16 வயதில் பிரசங்கிக்கத் தொடங்கியவர். இறையியல் கல்லூரியில் படித்ததில்லை. அவர் சபையில் தாமஸ் மெட்ஹர்ஸ்ட் என்ற இளைஞர், கயிறு திரிக்கும் தொழிலாளி, தெருவில் பிரசங்கித்தார். படிப்பு போதாதுன்னு சிலர் குறை சொன்னாங்க. ஸ்பர்ஜன் அவரைத் தடுக்கவில்லை, படிக்க வைத்தார். 1856-ல் தொடங்கிய போதகர் கல்லூரிக்கு அவரே முதல் மாணவர்.

ஏழைகளிடம் கட்டணம் வாங்கவில்லை. ஆனால் ஏற்கெனவே பிரசங்கித்துப் பழகியவர்களைத்தான் சேர்த்தார்கள். அழைப்பு இல்லையென்று தோன்றினால் நேரடியாக மறுத்துவிடுவார். வெள்ளிக்கிழமைகளில் குரல், ஜெபம், சைகை பற்றி அவரே பேசினார். பிரசங்கப் புத்தக வருமானம் கல்லூரிக்குப் போனது. அடிமை முறையைக் கண்டித்ததால் அமெரிக்காவில் விற்பனை சரிந்தது, கல்லூரி நிற்கவில்லை.

தம்பியை உற்சாகப்படுத்துறது இப்படித்தான்: பேச இடம் கொடுக்கணும், சோதிச்சுப் பார்க்கணும், உண்மையைச் சொல்லணும். முதுகில் தட்டுவது சுலபம். இதுக்கு நம்ம நேரமும் பணமும் போகும்.