ஒரு கொடிக்கு என்ன விலை?

பெருநிலத்திலிருந்து மன்னார்த் தீவுக்குப் போகும் வழியில் விரிந்து கிடக்கும் வங்காலைச் சரணாலயத்தின் பரப்பு 4,839 ஹெக்டேயர். 2008இல் சரணாலயமானது, 2010இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. வலசைக் காலத்தில் இங்கே கூடும் நீர்ப்பறவைகள் 20,000க்கும் மேல். அவற்றுள் காலில் வளையமோ நிறக்கொடியோ உள்ளவை மிகச் சில. இந்தக் கணக்கு அந்தச் சிலவற்றைப் பற்றியது.

முதலில் தூரம். மன்னார் வட அகலக்கோடு 9 பாகையில் இருக்கிறது. கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும் முட்டையிடும் சைபீரியத் துந்திரா 70 பாகையை ஒட்டியது. இடைவெளி 61 பாகை. பாகைக்கு 111 கிலோமீற்றர் என்று வைத்தால் நேர்வடக்காகவே 6,771. போய்வர 13,500க்கு மேல். பத்து ஆண்டுகள் இப்படிப் போய்வந்த பறவை பூமியை மூன்று தடவை சுற்றிய தூரத்தைத் தாண்டியிருக்கும். கொசு உள்ளானின் எடையோ 25 கிராம் அளவுதான்!

இனி எடை. பறவையின் உடல் எடையில் 3 வீதத்துக்கு மேல் எடையுள்ள தடமறியும் கருவியைப் பூட்டக்கூடாது என்பது ஆய்வாளர் பலரும் கைக்கொள்ளும் வரம்பு. 800 கிராம் கடற்காகம் 24 கிராம் தாங்கும். மன்னாரில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கருவி பூட்டிய கடற்காகங்கள் ரஷ்யாவின் வடதுருவக் கரை வரை போனது அப்படித்தான் தெரியவந்தது. 60 கிராம் வளைமூக்கு உள்ளானுக்கு 1.8 கிராம், கொசு உள்ளானுக்கு 0.75 கிராம். செய்மதிக் கருவி ஒன்றின் விலை ஆயிரம் டொலரைத் தாண்டும். எத்தனை பறவைக்குப் பூட்டிவிட முடியும்?

இங்கேதான் பிளாஸ்ரிக் கொடியின் அருமை. கொடிக்கு முன் வந்தது வளையம்: 1899இல் டென்மார்க்கின் வீபோர்க் நகரில் மோர்ட்டென்சன் என்பவர் மைனாக் குடும்பத்தைச் சேர்ந்த 165 ஸ்டார்லிங் பறவைகளுக்கு இலக்கமிட்ட அலுமினிய வளையம் மாட்டினார். அந்த இலக்கத்தை வாசிக்கப் பெரும்பாலும் பறவை மறுபடி கையில் சிக்கவேண்டும். கொடிக்கு அது தேவையில்லை. ஓர் எழுத்தும் இரண்டு இலக்கமும் பொறித்தால், தெளிவாகத் தெரியும் 20 எழுத்துகளை மட்டும் எடுத்தாலும் 2,000 பறவைகளைத் தனித்தனியே அடையாளம் காணலாம். நிறமும் அடுக்கும் மாட்டிய இடத்தைச் சொல்லும். 1995இல் ஆர்ஜென்டினாவில் வளையமிடப்பட்டு, பின்னர் பி95 என்ற கொடி பெற்ற உள்ளானை 2014 வரை கரையில் நின்றவர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மன்னாருக்கு வடக்கே ஏறத்தாழ 145 கிலோமீற்றரில் இருக்கும் கோடிக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறது. அந்தப் பறவைகளுக்குப் பாக்குநீரிணை பெரிய தூரமல்ல.

இந்தப் பதிவுகள் வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட மன்னார்க் காற்றாலையில் 30 கோபுரங்கள், தலா 3.45, மொத்தம் 103.5 மெகாவாற். அதற்கு மேல் 250 மெகாவாற் அமைக்க வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. அந்தத் திட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போன வழக்குகளில் பறவைகளின் வழித்தடம் முக்கிய வாதம். கோபுரத்தை எங்கே நடலாம், எங்கே கூடாது என்று சொல்ல ஊகம் போதாது. எந்தப் பறவை எப்போது எந்தக் கரையில் நின்றது என்ற பதிவு வேண்டும்.

தலைமன்னாரிலோ வங்காலையிலோ கொடியுள்ள பறவையைக் கண்டால் கிட்டப் போய்க் கலைக்காதீர்கள். எந்தக் கால், காலில் வெளியே தெரியும் மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிறங்கள், எழுத்து, திகதி, இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். மங்கலாக இருந்தாலும் படம் எடுங்கள். இலங்கைக் களப் பறவையியல் குழுவுக்கு அனுப்பிவையுங்கள்.