கைகொடுக்கும் வேலை

ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒரு அன்ரி கேட்டா: "பிள்ளை என்ன படிக்கிறா?" "பல் டொக்டரிட்ட உதவியாளருக்கு" என்று சொன்னபோது அம்மாவின் குரல் தாழ்ந்தது. "பிறகு டொக்டருக்குப் படிப்பாதானே" என்று அன்ரி ஆறுதல் சொன்னா.

ஜேர்மனியில் இது 3 வருட அவுஸ்பில்டுங். அபிட்டூர் கட்டாயமில்லை. பிராக்சிஸில் வேலையும் தொழிற்பாடசாலையில் படிப்பும் சேர்ந்தே நடக்கும்; பயிற்சிக் காலத்திலும் சம்பளம் உண்டு. 2022 ஆகஸ்டில் வந்த புதிய விதிப்படி இறுதிப் பரீட்சை இரண்டு பகுதிகள். பிறகு மேற்பயிற்சி பெற்று, பல் சுத்தம் செய்வதிலும் நோய்த்தடுப்பிலும் சிறப்புத் தகுதி பெறலாம்.

டொக்டர் கேட்குமுன் அடுத்த கருவியை எடுத்துக் கொடுக்க வேண்டும். உமிழ்நீரை உறிஞ்சி, நாக்கையும் கன்னத்தையும் ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். பாவித்த கருவிகளைக் கழுவி, சரிபார்த்து, பொதிசெய்து, 134 பாகை நீராவியில் கிருமி நீக்கி, அதைப் பதிவுசெய்ய வேண்டும். இதில் அவசரப்பட்டால் ஒருவரின் கிருமி அடுத்தவருக்குப் போய்விடும்.

எனக்குக் கடினமாக இருந்தது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான். சபையில் தெரிந்த ஒருவர் எங்கள் பிராக்சிஸுக்கு வந்திருந்தார். "அவருக்கு என்னவாம்?" என்று அம்மா கேட்டா. நான் சொல்லவில்லை. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது உதவியாளருக்கும் சட்டம், மீறினால் குற்றம். "பெத்த தாயிட்டயும் மறைப்பியோ?" என்று அம்மா கோபித்தா. இரண்டு நாள் சரியாகக் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் மெதுவாகக் கேட்டா: "அப்ப என்ர விஷயமும் வெளியில போகாதுதானே?" ஒரு வருடமாகப் பல்வலியை மறைத்திருந்திருக்கிறா. பழுதான பற்களைக் காட்ட வெட்கம், பிடுங்கப் பயம், டொக்டருக்கு ஜேர்மன் மொழியில் விளக்கவும் தெரியாது. அடுத்த வாரமே கூட்டிப்போனேன். டொக்டர் சொன்னதையெல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசேயின் கைகள் தளர்ந்தன. ஆரோனும் ஊரும் இருபுறமும் நின்று தாங்கினார்கள். அந்த வெற்றியில் அவர்களுக்கும் பங்குண்டு.

தம்பி தங்கையரே, விருப்பமிருந்தால் பாடசாலை விடுமுறையில் ஒரு வாரம் பிராக்டிகம் செய்து பாருங்கள். இரத்தத்தைப் பார்க்க முடியுமா, நாள் முழுக்க நிற்க முடியுமா என்று அப்போதே தெரிந்துவிடும். பெற்றோரே, பிள்ளை இந்த வேலையைத் தெரிந்துகொண்டால் குரலைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். அம்மா இப்போது அப்படித்தான் சொல்கிறா.